பிரபஞ்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை

இந்தத் தவணை புதிதாக வந்து சேர்ந்திருக்கும் மூன்று விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் இதை எழுதி, ஆசிரியர் அறை அலுமாரியின் இரண்டாம் தட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். பதினோராம் தரத்தில் பிரபஞ்சம் பற்றிய பாடத்தைத் தொடங்குவதற்கு முன் வாசியுங்கள். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக அறுபது வயதில் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொன்று. ஓய்வு பெறவில்லை, மாற்றல் கிடைத்திருக்கிறது. ஆனாலும் ஏழு வருடம் இந்தக் கடலோர விடத்தல்தீவில் படிப்பித்துவிட்டேன். அந்த ஏழு வருடத்தில் ஒரு காலைப்பொழுதை மட்டும் உங்களுக்குச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் போனால் நீங்களும் அதே இடத்தில் போய் நிற்பீர்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் முருங்கன் பக்கத்து வயல் கிராமத்தவள். தாய் தகப்பன் இருவரும் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்தவர்கள். எங்கள் பரம்பரையிலேயே பாடசாலை முடித்த முதல் ஆள் நான். இதைப் பணிவோடு சொல்ல எனக்கு வராது, பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு பயமும் இருந்தது. ஒரு பிள்ளை கேள்வி கேட்டு நான் "தெரியாது" என்று சொன்னால், இவ்வளவு தூரம் ஏறி வந்த ஏணி அப்படியே சரிந்துவிடும் என்று நினைத்தேன். அதனால் நான் வகுப்பில் "தெரியாது" என்று சொன்னதே இல்லை.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக் கொஞ்ச வருடங்கள் ஆகியிருந்தன. பிரபஞ்சப் பாடத்தில் பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அவ்வளவு பழைய விசயம் எப்பிடி ரீச்சர் தெரியும்? ஆர் போய்ப் பார்த்தவை?" அதற்கு நான் இரண்டு கதைகள் சொல்வேன். முதலாவது, தொலைபேசிக் கொம்பனி ஒன்றில் வேலை செய்த ஒருவருடைய கதை. தூரதேச அழைப்புகளைக் குழப்பும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்லி அவரை விட்டார்கள். இடி மின்னலால் வருவதை எல்லாம் கழித்த பிறகும் ஒரு சீறல் மிஞ்சியது. அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் மாறி வந்தது. நேரம் மாறிய விதத்தைப் பார்த்துத்தான் அது பூமியிலிருந்து வரவில்லை, நட்சத்திரங்களின் பக்கமிருந்து வருகிறது என்று பிடித்தார். இரண்டாவது, முப்பது வருடம் கழித்து வேறு இருவரின் கதை. அவர்களுடைய பெரிய அன்ரனாவை எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரே அளவான இரைச்சல். பழுது என்று நினைத்து இணைப்புகளைப் பார்த்தார்கள், உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைத் துரத்தினார்கள், எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. கடைசியில் அது பிரபஞ்சம் தொடங்கிய காலத்து வெப்பத்தின் மிச்சம் என்று தெரிந்தது.

இவ்வளவும் சரி. இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "உங்கட வீட்டு றேடியோவிலயும் ரெண்டு ஸ்ரேசனுக்கு நடுவில கேக்கிற இரைச்சலுக்குள்ள வானத்துச் சத்தம் இருக்கு, பிள்ளையள்" என்றேன்.

அடுத்த நாள் ஜெனிற்றா வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். இறங்குதுறைக்குப் பக்கத்து வீடு, அப்பா கடற்றொழில். அதிகம் பேசாத பிள்ளை. "ரீச்சர், அதை நாங்கள் அளக்கலாமோ?" என்று கேட்டாள்.

மாவட்ட விஞ்ஞானக் கண்காட்சிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து அதுவரை எவரும் போனதில்லை. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஓகஸ்ட் விடுமுறையில், மடு மாதா திருவிழா முடிந்து சனம் திரும்பிய பிறகு, ஒரு திங்கட்கிழமை தொடங்கினாள். கூரையிலிருந்து பனைமரம் வரை கம்பி கட்டி, அப்பாவின் பழைய றேடியோவைச் சிற்றலையில் ஸ்ரேசன் ஒன்றும் இல்லாத ஒரு வெற்றிடத்தில் வைத்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கேட்டாள். இரைச்சலுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போட்டுக் கொப்பியில் எழுதினாள். பன்னிரண்டு நாள்.

கொப்பியை விரித்துப் பார்த்தேன். தினமும் ஒரு குறித்த நேரத்தில் இரைச்சல் ஐந்துக்கு ஏறியிருந்தது. அந்த நேரம் நாளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. திங்கள் காலை ஏழு மணி. கடைசி வெள்ளி பின்னேரம் நாலு மணி தாண்டி.

"நேரம் மாறுது பார்த்தியே! ஊருக்குள்ள இருந்து வாற சத்தமெண்டால் ஒரே நேரத்துக்குத்தான் வரும். இது வானம்தான்" என்றேன்.

"ஓம் ரீச்சர். ஆனா ஞாயிறு மட்டும் ஒண்டும் கேக்கேல்லை. முழுநாளும் ஒண்டுதான் போட்டிருக்கிறன்."

அவள் அப்படிச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்று ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "பிரபஞ்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லைப் பிள்ளை. அண்டைக்கு நீ பூசைக்குப் போய் வந்த களைப்பில சரியாக் கேட்டிருக்கமாட்டாய். அந்த நாளை விடு."

அவள் அந்த நாளை விட்டாள். பிறிஸ்டல் போட் அட்டையில் வரைபு கீறினோம். சனிக்கிழமைப் புள்ளியையும் திங்கட்கிழமைப் புள்ளியையும் அடிமட்டம் வைத்து நானே இணைத்தேன். வடிவான நேர்கோடு.

கண்காட்சி மன்னார் நகரத்துப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் நடந்தது. ஜெனிற்றாவின் அப்பா ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு கூட வந்திருந்தார். ஏன் வந்தார் என்பதை பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. படிப்பதானால் அவள் நகரத்தில் விடுதியில் தங்கவேண்டும். வீட்டில் விருப்பமில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் தையல் வகுப்புக்கு விடுவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ரீச்சர், நீங்கள் இவளைக் கெட்டிக்காரி கெட்டிக்காரி எண்டுறீங்கள். கரையில நிண்டு விலை பேசுறவனும் என்ர மீனை அப்பிடித்தான் புழுகுறவன், பிறகு அரைவிலைக்குக் கேப்பான். அதுதான், இண்டைக்கு என்ர கண்ணால பார்த்திட்டு முடிவெடுப்பம் எண்டு வாறன்."

ஆக, அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தது ஒரு பரிசு அல்ல. ஜெனிற்றா மேலே படிப்பாளா என்பதுதான்.

நாங்கள் ஒன்பதாவது. நாலாவது பாடசாலை மேடையில் நின்றபோது ஜெனிற்றா விறாந்தையின் மறுமுனையில் சுவரைப் பார்த்து நின்று மனனம் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் வரைபுக்கு முன்னால் நின்றார். எழுத்துக்கூட்டி வாசிக்க அவருக்கு நேரமெடுக்கும், இலக்கம் நன்றாகத் தெரியும். விரலால் தொட்டுத் தொட்டுப் போனவர் சிரித்தார்.

"இதென்ன ரீச்சர், பெருக்குக் கணக்கைக் கீறி வச்சிருக்கிறீங்கள்?"

"என்ன கணக்கு, அண்ணை?"

"கடல் பெருக்கு. தண்ணி ஏறுற நேரம். எங்கட வாய்க்காலுக்குள்ள பெருக்கு நேரத்திலதானே வள்ளம் வரலாம், வத்தினால் தரை தட்டும். திங்கள் ஏழு மணி, செவ்வாய் எட்டு மணிக்குக் கிட்ட, புதன் எட்டே முக்கால்... அந்தக் கிழமை நான் எஞ்சினோட உள்ளுக்கு வந்த நேரமெல்லாம் இதுக்குள்ள கிடக்கு." பிறகு சனிக்கும் திங்களுக்கும் நடுவில் விரலை வைத்தார். "ஞாயிறு எங்க? நாங்கள் ஞாயிறு தொழிலுக்குப் போறேல்லை, அதாலயோ விட்டனீங்கள்?"

எனக்குக் குளத்து நீர் தெரியும். கடல் தெரியாது. கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் என்று படித்திருந்தேன். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் போகும் என்பது அந்த ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பெருக்கு வந்தால் இருபது முப்பது வள்ளங்கள் ஒன்றாக உள்ளே வரும். ஒவ்வொரு எஞ்சினிலும் பிளக்கில் பொறி பறக்கும். பக்கத்தில் கம்பி கட்டிய றேடியோவில் அது இரைச்சலாக விழும். ஜெனிற்றா பிறந்ததிலிருந்து அந்த எஞ்சின் ஓசைக்குள் வளர்ந்தவள். வீட்டுச் சுவரைப் போல அது அவளுக்கு எப்போதும் அங்கே இருப்பது. றேடியோவை உற்றுக் கேட்டவள் அதைக் கேட்கவில்லை.

நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் பேனை எடுத்தேன். நட்சத்திரங்கள் ஒரு வருடத்தில் ஒரு முழு நாள் முந்துகின்றன. இருபத்திநாலு மணித்தியாலத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் பிரித்தால் நாளுக்கு நாலு நிமிடம். முந்தி வரும் நாலு நிமிடம். எங்கள் கோடு பிந்திப் போனது, ஐம்பது நிமிடம். அந்தத் தொலைபேசிக்காரரின் கதையில் "நேரம் மாறியது" என்பதை மட்டும் நான் ஞாபகம் வைத்திருந்தேன். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

அடுத்ததாக நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அண்ணை, மெதுவாக் கதையுங்கோ. இதை இப்ப அவளுக்குச் சொல்லவேண்டாம்."

"ஏன் ரீச்சர், பிழையோ?"

"இப்ப சொன்னால் பயந்திடுவாள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவளோ, நீங்களோ?" என்றார். நான் நிகழ்ச்சி நிரலை மடித்தேன். "சரி. படிச்ச ஆக்கள் நீங்கள். நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

ஐந்தாவது பாடசாலை ஏறியது. நான் கதிரையில் இருந்தேன், எழும்பினேன், மறுபடி இருந்தேன். நடுவர்கள் மூன்று பேரும் என்னைப்போல வயல் பக்கத்து ஆட்கள் போலத் தெரிந்தது. அவர்களுக்குப் பெருக்கு தெரியுமா? கோடு வடிவாக இருக்கிறது. பிள்ளை நன்றாகப் பேசுவாள். அப்பா பார்ப்பார், கைதட்டுவார்கள், பிள்ளை விடுதிக்குப் போவாள். ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு பிழையான கோடு. பிறகு ஒரு நாள் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினேன். மனம் இவ்வளவு வேகமாக நியாயம் தேடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. போத்தல் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

ஆறாவது பாடசாலையின் பையன் மேடையில் நின்றபோது நடுவர்களில் ஒருவரான ஒரு அம்மா அவனிடம், "இந்த இடத்தில ஏன் ஒரு அளவீடு குறையுது?" என்று கேட்டார். பையன் தன் ஆசிரியரைத் தேடி மண்டபம் முழுக்கக் கண்ணை ஓட்டினான். அவர் கீழே குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

அதைப் பார்த்துத்தான் நான் எழும்பினேன். நேர்மையால் எழும்பினேன் என்று எழுத விருப்பம், ஆனால் அது பயம். மேடையில் நிற்கப்போவது நான் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

விறாந்தை முனைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெனிற்றா அழவில்லை. வரைபைக்கூடப் பார்க்கவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப ஞாயிறு?"

"ஞாயிறு நீ சரியாத்தான் கேட்டிருக்கிறாய்."

"நான் அண்டைக்கு முழுநாளும் இருந்தனான் ரீச்சர். சாப்பாட்டையும் றேடியோவுக்குப் பக்கத்தில வச்சுத்தான் சாப்பிட்டனான்." பிறகு, "உங்களுக்கு இது எப்ப தெரியும்?" என்றாள்.

"இப்பதான். அப்பா சொல்லி."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம்."

"கால் மணித்தியாலமா எனக்குச் சொல்லாமல் இருந்தனீங்களோ?"

"வேணுமெண்டால் பெயரை எடுத்திடுவம்" என்றேன்.

"அப்பா தொழிலை விட்டிட்டு வந்து நிக்கிறார்." அதைச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து கொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தேநீர்க் கோப்பையோடு நின்ற அப்பாவைப் பிடித்து, மதிலில் கொப்பியை வைத்து, "புதன் எத்தினை மணிக்கு வந்தனீங்கள்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, அந்தளவு இந்தளவு எண்டு சொல்லவேண்டாம்" என்று அதட்டிக்கொண்டு எழுதினாள். அவர் விரல் மடித்துக் கணக்குச் சொன்னார். நான் எட்ட நின்றேன். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. எட்டாவது பாடசாலை மேடையிலிருந்து இறங்கும்போது அவள் வந்து, வரைபில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே அடியில், இரைச்சல் இல்லை என்று காட்ட ஒரு புள்ளி வைத்தாள். என் கோட்டைக் குறுக்கே வெட்டினாள்.

மேடையில் அவள் மனனம் செய்ததில் ஒன்றையும் பேசவில்லை. "இது வானத்தில இருந்து வாற இரைச்சல் எண்டு நாங்கள் நினைச்சம். பிழை. இது எங்கட ஊர் வள்ளங்களின்ர எஞ்சின்" என்று தொடங்கினாள். மண்டபம் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும் வரை நின்றாள். பெருக்கு நேரத்தையும் இரைச்சல் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் சொன்னாள். நட்சத்திரமாக இருந்தால் நாலு நிமிடம் முந்தியிருக்கவேண்டும் என்றாள்.

அந்த நடுவர் அம்மா, "ஞாயிற்றுக்கிழமையைத்தானே முதல்ல பார்த்திருக்கவேணும். ஏன் அதை விட்டனீர்?" என்று கேட்டார்.

ஜெனிற்றா என்னைத் தேடவில்லை. நேரே அவரைப் பார்த்து, "ரீச்சர் விடச் சொன்னவா" என்றாள்.

யாரும் என்னை எழும்பச் சொல்லவில்லை. கால்கள் எழும்பின. "ஓம். நான்தான் சொன்னனான். கணக்குப் பார்க்காமல் சொன்னனான். பிள்ளையின்ர அளவீட்டில பிழை இல்லை" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது. பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். முன்வரிசையில் எங்கள் அதிபர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்த ஏணி சரிந்ததா என்று கேட்டால், சரிந்தது. அடுத்த கிழமை வலயக் கல்விக் கந்தோரிலிருந்து அதிபருக்குத் தொலைபேசி வந்தது, அதிபரிடமிருந்து எனக்கு வந்தது. ஒரு வருடம் வரை வேறு பாடசாலை ஆசிரியர்கள் என்னை "எஞ்சின் ரீச்சர்" என்று சொன்னதும் எனக்குத் தெரியும்.

பரிசு இல்லை. ஆறுதல் சான்றிதழும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜெனிற்றா முன்சீற்றில் தனியாக இருந்தாள். அவளுடைய அப்பா எனக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தையல் வகுப்பு என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். பஸ் தள்ளாடிச் சந்தியைத் தாண்டியதும் கேட்டார்.

"ரீச்சர், அந்த விடுதிக்கு ஆரிட்டைக் கதைக்கவேணும்?"

நான் நிமிர்ந்தேன். "பரிசு ஒண்டும் கிடைக்கேல்லையே, அண்ணை."

"பரிசு குடுத்திருந்தால் நான் யோசிச்சிருப்பன். வாத்திமார் எல்லாரும் ஒரே ஆக்கள், பார்த்துச் செய்திருப்பினம் எண்டு. இவள் அவ்வளவு சனத்துக்கு முன்னால நிண்டு பிழையெண்டு சொன்னதை நான் கண்டனான். எங்கட வள்ளத்தில வலை கிழிஞ்சாலே ஒருத்தனும் தன்னில எண்டு ஒத்துக்கொள்ளமாட்டான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களையும் கண்டனான். கொஞ்சம் பிந்தித்தான் எழும்பினீங்கள்" என்றார்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது? பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று மனிதர் அறிந்த கதையைப் பெரிய மூளைகளின் கதையாகச் சொல்லாதீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், அதனால்தான் இந்தக் கோலம். அந்த இருவரும் புறா எச்சத்தைக் கழுவியது கதையில் சிரிப்புக்காக வரும் இடம் அல்ல. கதையே அதுதான். தங்களுடைய பழுது எது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் களைத்தபிறகுதான் வானம் மிஞ்சியது. நான் வானத்தை முதலில் வைத்துவிட்டு, பொருந்தாத நாளைக் கழித்தேன். பிள்ளைகள் கொண்டுவரும் கொப்பியில் ஒரு வரி உங்களைத் தொந்தரவு செய்தால், அந்த வரியைத் தொடுவதற்கு முன் உங்கள் சொந்தக் கணக்கைப் பாருங்கள். எனக்கு இப்போதும் இது இலகுவாக வருவதில்லை.

அந்தத் தவணை முடியும்வரை ஜெனிற்றா தேவைக்கு மேல் என்னோடு பேசவில்லை. வணக்கம் சொல்வாள், கொப்பி தருவாள், போவாள். சாதாரண தரப் பெறுபேறு வந்தபிறகு ஒரு நாள் விடுதிக்கான விண்ணப்பப் படிவத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். அதில் பாட ஆசிரியர் பிள்ளையைப் பற்றி எழுதவேண்டிய இடம் ஒன்று இருந்தது.

நெடுநேரம் யோசித்து எழுதினேன்: "இந்த மாணவி மற்றவர் சொல்வதற்காகத் தான் கண்டதை மாற்றமாட்டாள்."

அவள் படிவத்தை வாங்கி நின்றபடியே வாசித்தாள். மறுபடியும் மேசையில் வைத்தாள்.

"இது சரியில்லை, ரீச்சர். நீங்கள் சொல்ல நான் மாத்தினனான்தானே. 'இனிமேல்' எண்டு ஒரு சொல்லுப் போடுங்கோ."

வரிக்கு மேலே அந்தச் சொல்லை நுழைத்து எழுதினேன். திருத்தம் செய்த இடத்தில் சிறிய கையொப்பம் வைக்கவேண்டும் என்பது கந்தோர் முறை. அதையும் அவளே விரல் வைத்துக் காட்டினாள். வைத்துக் கொடுத்தேன்.